காருக்கு அம்மை போட்ட ஞாயிறு

ஒரு காருக்கு அம்மை போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். ஒரகடத்தில், ஒரு லேத் பட்டறைக்குள். வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதன் மூக்கில், முதுகில், கதவில், மட்கார்டில் எங்கே பார்த்தாலும் சிவப்புச் சிவப்பாக... வேப்பிலைக் கொத்து ஒன்றைச் செருகாததுதான் பாக்கி.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஸ்டிக்கர்கள். விரல் நகம் அளவில், அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர்கள்.

"வாங்கண்ணா. உங்க தங்கச்சி பண்ணி வெச்சிருக்கிற வேலையப் பாருங்க" என்றார் தனசேகர்.

தனசேகர் என் நெடுநாள் நண்பர். அந்தப் பட்டறைக்கு முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான். மனைவி கலைவாணி பக்கத்திலேயே ஒரு கார் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருக்கிறார். புது கார் வெளியே போகும் முன்னால் டியூப்லைட் வரிசைக்குக் கீழே நிறுத்தி, கையுறை போட்ட உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த வேலை. எங்கே குறையோ அங்கே ஒரு அம்பு ஸ்டிக்கர். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வராமல் இருக்குமா? தோசையைக்கூட வெளிச்சத்தில் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் தட்டில் போடுகிறார் என்பது தனசேகரின் நிரந்தரப் புகார்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் செய்த கார். இரண்டே சீட். கூரை கிடையாது. எங்கள் எல்லோர் வயதுக்கும் மூத்தது. கல்யாணத்துக்கு முன்பே, சென்னையில் ஒரு குடோனில் தூசி தின்றுகொண்டிருந்ததைத் தனசேகர் வாங்கி வந்தார். பெண் பார்க்கவே அதில்தான் போனாராம். கலைவாணியின் அப்பா வாசலில் நின்று காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ள, மேல இருந்தது இன்னா ஆச்சு?" என்று கேட்டாராம்.

அந்தக் காரின் பெருமை என்ன தெரியுமா? அதன் பெயிண்ட். இங்கிலாந்து ஃபேக்டரியில் அடித்த அதே பெயிண்ட். அதற்கு மேல் ஒரு பிரஷ் பட்டதில்லை. சென்னையிலிருந்து பழைய கார் பிரியர்கள் வருவார்கள். வாசலில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள் காருக்கு முன்னால் வந்ததும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

கார்களைப் பற்றி நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை. எல்லாம் இப்படி வருகிறவர்கள் பேசக் கேட்டதுதான். அவர்கள் உலகில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, ரெஸ்டோர் கட்சி. ஒவ்வொரு ஸ்குரூவையும் கழற்றி, தகரம் தெரிய உரித்து, டிங்கரிங் செய்து, புதிதாக அடித்து, பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி நிறுத்துகிறவர்கள். இன்னொன்று ஒரிஜினல் கட்சி. பழசு பழசாகவே இருக்கட்டும், ஓடினால் போதும் என்கிறவர்கள்.

இரண்டு பேர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஒருமுறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பக்கம், ரெஸ்டோர் செய்த சிவப்புக் கார் ஒன்றைப் பார்த்தேன். அதன் கதவில் என் முகம் கண்ணாடியில் தெரிவதைவிட நன்றாகத் தெரிந்தது. அது எத்தனை மனிதர்களின் பொறுமை! அந்த வேலையைச் செய்த கைகளைத் தேடிப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால், தனசேகர் பச்சை ஒரிஜினல் கட்சி. வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி கிளம்பியதுதான் சிக்கல்.

அவர்கள் மகள் நித்யாவுக்குக் கல்யாணம். வாலாஜாபாத்தில் மண்டபம். ரிசப்ஷன் முடிந்து தானும் மாப்பிள்ளையும் அப்பாவின் காரில்தான் கிளம்புவோம் என்று நித்யா சொல்லிவிட்டாள். தனசேகருக்குத் தலைகால் புரியவில்லை. கலைவாணியும் சரி என்றார் — காருக்குப் பெயிண்ட் அடித்தால்.

அதற்காகப் பெயிண்டரும் வந்திருந்தார். செல்லத்துரை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சிங்கப்பெருமாள் கோவிலில் குடும்பத்தோடு குடியேறி வருஷங்கள் ஆகின்றன. ஒரு ஸ்டூலில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை உரிக்க ஆரம்பிப்பதாக ஏற்பாடு. ஒருமுறை உரித்தால் முடிந்தது கதை. அந்தப் பழைய பெயிண்டை எந்த ராஜா வந்தாலும் திரும்ப ஒட்ட முடியாது.

"அக்காவும் அண்ணாச்சியும் ஒரு முடிவுக்கு வாங்க. வந்த பொறவுதான் நான் உப்புத்தாளக் கையில எடுப்பேன்" என்றார் செல்லத்துரை. என்ன நாகரிகம் பாருங்கள்.

"இந்த ஸ்டிக்கர எடுத்துட்டா பேச்சே முடிஞ்சிடுமே" என்று நான் ஒன்றின் மேல் கை வைத்தேன்.

"ண்ணா... தொடாதீங்க" என்று பதறியது கலைவாணி அல்ல, தனசேகர். "ஒட்டுனவங்கதான் எடுக்கணும். அது அவங்க லைன்ல சட்டம்."

வீட்டில் இருக்கிற சண்டையிலும் மனைவியின் கம்பெனிச் சட்டத்தை மதிக்கிற மனுஷன். இதற்கே அவருக்கு ஒரு மாலை போடலாம். ஆக, அவருக்கு ஒரே வழிதான். ஒவ்வொரு ஸ்டிக்கராக வாதாடி, கலைவாணி கையாலேயே எடுக்க வைக்க வேண்டும்.

வழக்கு ஆரம்பித்தது.

முதலில் பானெட். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் பெயிண்ட் மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தது. தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி.

"எங்க லைன்ல இந்த மாதிரி ஒரு வண்டி வந்தா கேட்டத் தாண்டாது" என்றார் கலைவாணி.

"இது கடலையே தாண்டி வந்துடுச்சேம்மா."

செல்லத்துரை டீ கிளாஸுக்குள் சிரித்தார். ஸ்டிக்கர் அசையவில்லை.

அடுத்து, கதவுக்குக் கீழே துரு. தனசேகர் கையைத் தூக்கிவிட்டார். "அது இருக்கட்டும். துருவுக்கு நான் வக்கீல் இல்ல."

பிறகு டிரைவர் பக்கக் கதவின் மேல் விளிம்பு. அங்கே பெயிண்ட் தேய்ந்து, உள்ளே இருக்கிற பிரைமர் தெரிந்தது.

"இது டிஃபெக்ட் இல்லன்றீங்களா?"

"முழங்கைய வெச்சு ஓட்டி ஓட்டித் தேஞ்சது. டிஃபெக்ட் இல்ல கலா, பழக்கம்."

பழக்கம்! இந்த வார்த்தையை நான் அன்றே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆனால், கலைவாணி மசியவில்லை. கணவர் பக்கமே திரும்பாமல் அந்தப் பக்கத்துக் கதவுக்குப் போனார்.

"சரி, இது? இங்க யாரும் ஓட்டல. இத்தன கீறல் எங்கேர்ந்து வந்துச்சு? பூனை பிராண்டினா மாதிரி கீது."

தனசேகர் கொஞ்சம் தயங்கினார். "அது உன் வளையல்."

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது.

கலைவாணி தன் இடது கையை அந்த விளிம்பில் வைத்துப் பார்த்தார். சரியாக அந்த இடம். கல்யாணமான புதிதில் காஞ்சிபுரத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போனபோதெல்லாம் அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கிறது. நகத்தால் நெருடி அந்த ஸ்டிக்கரை எடுத்தார். பிறகு டிரைவர் பக்கம் வந்து, முழங்கை ஸ்டிக்கரையும் எடுத்தார்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தனசேகர் பாதி ஜெயித்திருப்பார். இருந்தாரா?

"அந்த ஸ்டிக்கர்ல ஒண்ணு என்கிட்ட குடு" என்று வாங்கினார். நேராகப் போய், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒட்டினார். "இந்த வண்டியில ஒரிஜினல் இல்லாதது இது ஒண்ணுதான். பச்சை ரெக்சின். சென்னையில ஒருத்தர்கிட்ட ஒரிஜினல் லெதர் சீட்டே கீதாம். கல்யாணத்துக்குள்ள மாத்திட்டா..."

"இதுலயாய்யா ஒட்டுன?"

மரியாதை போய்விட்டது. அப்போதே தெரிந்தது, தனசேகர் தப்பான இடத்தில் கை வைத்துவிட்டார் என்று.

கலைவாணி என்னிடம் திரும்பினார். "ண்ணா, நித்யா வயித்துல இருந்தப்போ அந்த லெதர் சீட்டுல ஸ்பிரிங் குத்தும். முதுகு சொல்லவே முடியாது. இவரு தூக்கினு போயி ஆட்டோவுக்கு சீட்டு தைக்கிறவர்கிட்ட குடுத்து, டபுள் ஸ்பாஞ்ச் வெச்சுத் தெச்சாரு. அன்னிக்கு அவராண்ட இருந்தது பச்சைதான். ஆஸ்பத்திரியிலேர்ந்து குழந்தைய இதுலதான் வெச்சு எடுத்தாந்தோம். இது ஒரிஜினல் இல்லையாம். கேளுங்க."

தனசேகர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒட்டியவர்தானே எடுக்க வேண்டும்? குனிந்து எடுத்தார். எடுத்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தும் விட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரிஜினல் என்றால் என்ன? ஃபேக்டரி கேட்டைத் தாண்டிய நாளில் இருந்ததா? இல்லை, நம்மோடு இருந்து இருந்து ஆனதா? அந்தப் பச்சை சீட்டைக் கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

ஆனால், பெரிய வழக்கு அப்படியே நின்றது. பானெட்டிலும் மட்கார்டிலும் சிவப்பு அம்புகள். செல்லத்துரையின் டீ தீர்ந்துவிட்டது.

"போட்டோ எடுப்பாங்க. வீடியோ எடுப்பாங்க" என்றார் கலைவாணி. இப்போது குரலில் சண்டை இல்லை. "சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? வெளுத்துப் போன வண்டியில பொண்ண அனுப்புறாங்கன்னு பேசமாட்டாங்களா? எம் பொண்ணு ஒரு சொல்லு கேக்கக் கூடாதுங்க. அவ்ளோதான்."

அதுதானா விஷயம்! அந்த அம்புகள் எல்லாம் காரைக் காட்டவே இல்லை. ஒரு அம்மாவின் பயத்தைக் காட்டிக்கொண்டிருந்தன.

"வெளுத்தா இன்னா கலா? வயசானா வெளுக்கத்தான் செய்யும். அதுல இன்னா வெக்கம்?" என்றார் தனசேகர்.

கலைவாணி அவரையே பார்த்தார். புது காரைப் பார்க்கிற அந்தப் பார்வை. டியூப்லைட் பார்வை.

"ண்ணா, நீங்களே நியாயம் சொல்லுங்க. வெளுக்கறது வெக்கம் இல்லயாம். அப்போ மாசத்துக்கு ரெண்டு தபா கண்ணாடி முன்னாடி நின்னுகினு மீசைக்கு டை பூசறாரே, அது இன்னா கணக்கு?"

செல்லத்துரை வெளியே எழுந்து போய்விட்டார். தோள்கள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

தனசேகரின் மீசையைப் பற்றித் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. தலை வழுக்கையான பிறகு அவருடைய மொத்த சொத்தும் அந்தக் கரிய மீசைதான். "அது வேற, இது வேற" என்றார் பலவீனமாக.

"இன்னா வேற? டை வேணாம். அப்படியே வா கல்யாணத்துக்கு."

"சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னாடி எப்படிம்மா..."

சொல்லி முடிக்கவில்லை. என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது.

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றார் கலைவாணி.

பட்டறைக்குள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். நான்காவதாக அந்தக் கார். தனசேகர் மீசையைத் தடவினார். பானெட்டைத் தடவினார். மறுபடி மீசை. ஒரு மனுஷன் தன்னுடைய இரண்டு செல்லங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கஷ்டத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

கடைசியில் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "செல்லத்துரை, துரு மட்டும் பாத்துடுங்க. வேற எதையும் தொட வேணாம்."

கலைவாணி ஒவ்வொன்றாக ஸ்டிக்கர்களை எடுத்தார். துருவுக்கு ஒட்டியது மட்டும் மிச்சம். கையில் இருந்த அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை உரித்தார். கணவரின் கன்னத்தில் ஒட்டினார், அம்பு மீசையைப் பார்க்கிற மாதிரி.

"கல்யாணத்தன்னிக்கு செக் பண்ணிட்டு நான்தான் எடுப்பேன்."

அன்று மாலையே தனசேகர் அதை வீட்டுக் கண்ணாடிக்கு மாற்றினாராம், ஷேவிங் செய்யும்போது மீசை தெரிகிற உயரத்தில். எடுக்கத்தான் கூடாது, இடம் மாற்றலாம் என்று எந்தச் சட்டத்தில் படித்தாரோ!

போன வாரம் கல்யாணம். மண்டப வாசலில் கார் நின்றது. துருப்பிடித்த இடத்தில் செல்லத்துரை கைபட்டதே தெரியவில்லை. வெடித்த பானெட் மேல் ஒரு முழம் மல்லி. அவ்வளவுதான் அலங்காரம். சாப்பிட்டுவிட்டு வந்த கூட்டம் தாம்பூலப் பையோடு அதைச் சுற்றி நின்றது. ஒருவரும் "வெளுத்துப் போச்சு" என்று சொல்லவில்லை. "அந்தக் காலத்து வண்டியா?" என்று கேட்டார்கள். தொட்டுப் பார்த்தார்கள். இது தொடுவதற்குப் பயப்பட வேண்டாத கார் என்று எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வாசலில் தனசேகர் நின்று கும்பிட்டு வரவேற்றார். மீசை தும்பைப்பூ. முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு, இத்தனை நாள் இந்த முகத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தோன்றியது. என்ன ஒரு கம்பீரம்!

சம்பந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, வண்டியும் மீசையும் செம மேட்ச்." சொன்ன சம்பந்தியின் மீசை அட்டக்கரி. ரிசப்ஷனில் அவர் அதை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

நித்யா அந்தப் பச்சை சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கை தானாகக் கதவு விளிம்புக்குப் போனது. கண்ணாடி வளையல்கள் பெயிண்டில் உரசின. கலைவாணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. பார்த்தார். பானெட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லைனில் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"ஓகே. போலாம்."

வண்டி கிளம்பியதும் என் பக்கம் திரும்பினார். "ண்ணா, பத்திரிகையில நீங்க எழுதுற பக்கத்துல மேல ஒரு போட்டோ போடுறாங்களே... அதுல தலையெல்லாம் கருகருன்னு கீதே, யாரு அது?"

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் போட்டோவை மாற்றிவிடுங்கள். கலைவாணியின் கைப்பையில் இன்னும் ஸ்டிக்கர் இருக்கிறது.