ஊருக்கு இறந்தவராக வாழ்ந்த எங்கள் தகப்பனார்

எங்கள் தகப்பனார் காலமாகி ஓராண்டு நிறைகிறது. முதல் திவசத்துக்கு ஊரிகம் லைன் சுரங்கக் குடியிருப்புக்கு வந்திருக்கும் உற்றாரும் நண்பர்களும் தகப்பனாருடைய பூர்வீகத்தை அறியவேண்டும் என்றே இதை எழுதுகிறேன். 'அவருக்கு ஊர் ஏது, உறவு ஏது' என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் வாசிக்கட்டும்.

தகப்பனார் பிறந்தது வட ஆற்காட்டில், குடியாத்தத்துக்கு அருகே ஒரு சிற்றூர். மழை பொய்த்து நிலம் காய்ந்தபோது, தாயாரையும் அக்காவையும் விட்டுவிட்டு சுரங்கத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஒருவரோடு தங்க வயலுக்கு வந்தார்கள். உடன் வந்தவர் அதே ஊரில் ஆடு மேய்த்த கூட்டாளி. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. இருவரும் ஒரே தட்டி வீட்டில் பொங்கித் தின்றார்கள்.

ஒருநாள் தகப்பனாருக்குக் கடுங்காய்ச்சல். வேலை போய்விடக்கூடாதே என்று கூட்டாளி அவருக்குப் பதிலாக ஷிப்டுக்குப் போனார். அப்படிப் பதில் ஆள் இறங்குவது அந்நாளில் வழக்கம்தான். தகப்பனாரின் கம்பளியையே போர்த்திக்கொண்டு போனார். அன்று பாறை சரிந்தது. முகம் நசுங்கிய உடலை, தாயார் மூலையில் சிவப்பு நூல் தைத்துக் கொடுத்த அந்தக் கம்பளியைக் கொண்டு தகப்பனார் என்று முடிவு செய்தார்கள். செய்தி ஊருக்குப் போயிற்று. தட்டி வீட்டில் நினைவின்றிக் கிடப்பது யார் என்று எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எழுந்து நடக்க முடிந்ததும் தகப்பனார் ஊருக்கு ஓடினார்கள். அதற்குள் கருமாதி முடிந்திருந்தது. தாய்மாமன் ஏரிக்கரையிலேயே மறித்தார்.

“உனக்குத் தல முழுவியாச்சிடா. காரியம் ஆனவன் உள்ள வந்தா வூட்டுக்கு ஆவாது. எங்கியானா போயி நல்லாயிரு.”

“அம்மாவ மட்டும் ஒரு தபா பார்த்துட்டுப் போறேன் மாமா.”

“வாணாம். இப்பத்தான் அழுது ஓஞ்சிருக்குது.”

தகப்பனார் திரும்பிவிட்டார்கள். இதென்ன நியாயம் என்று எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. மகன் உயிரோடிருப்பதை அறியாமலே தாயார் கண்மூடினார்.

பிறகு இங்கேயே மணம் முடித்து எங்களை வளர்த்தார்கள். யாரையும் கடிந்து பேசியதில்லை. ஆடி அமாவாசைதோறும் ஓர் இலை கூடுதலாகப் போடுவார்கள். அது கூட்டாளிக்கு என்பது எங்களுக்குத் தெரியாது. கல்தூசி நெஞ்சை அடைத்துப் படுக்கையில் விழுந்த பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

“ஊருக்கு ஆள் அனுப்பட்டுமா நைனா?” என்றேன்.

“நான் இருக்கசொல்ல வாணாம்டா. போனப்புறம் அக்காகிட்ட மட்டும் சொல்லு. அதுவாச்சும் எனக்குன்னு ஒரு வாட்டி அழுவட்டும்.”

போய்ச் சொன்னேன். “இன்னா பேசற நீ? எந் தம்பி செத்து எம்மாங் காலம் ஆவுது” என்று அத்தை கதவைச் சாத்தப் போனார். அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நாட்களில் கஞ்சி காய்ச்சித் தந்த அக்கம்பக்கத்தாருக்கும், பாடை சுமந்த ஷிப்டு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஊரார் தடுத்தும் என்னோடு ரயிலேறி வந்த அத்தைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இடுகாட்டுக்கு அழைத்துப் போனேன். கூட்டாளியை எங்கே புதைத்தார்கள் என்று முதலில் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

“அன்னிக்கி நான் அழுததெல்லாம் அந்தப் புள்ளைக்கே இருக்கட்டும். அதுக்குந்தான் யாருமில்லியே” என்றார் அத்தை. பிறகு தகப்பனாரின் மண்மேட்டருகே உட்கார்ந்து, “தம்பி” என்று கூப்பிட்டு, புதிதாக அழத் தொடங்கினார்.