பதின்மூன்று பிறை வாடகை

வருமான வரிப் படிவத்தை நவம்பர் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும் என்பது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். தெரிந்து என்ன? இருபதாம் திகதிதான் மடிக்கணினியைத் திறந்தேன். "இன்றைய வேலையை நாளைக்குத் தள்ளாதே" என்று இருபத்தெட்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்ட கை இது. ஊருக்குத்தான் உபதேசம்.

என் பெயரில் இரண்டு வருமானம் உண்டு. ஒன்று ஆசிரியர் சம்பளம். மற்றது கனமூலை என்ற ஊரில் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டின் வாடகை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. உறுதிப் பத்திரமும் அவள் பெயரில்தான் எழுதுவார்கள். என் பள்ளிக்கூடமும் என் கணவரின் உப்பளமும் கற்பிட்டிப் பக்கம் என்பதால் நாங்கள் இங்கே இருக்கிறோம், அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வீடு என்னுடையது என்றாலும் வாடகை வாங்கப் போவது அவர்தான். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, "வாடகை" என்று எழுதிய ஒரு கடித உறை குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும். நான் எண்ணிப் பார்த்துத்தான் எடுப்பேன். கட்டிய புருஷன் என்றாலும் கணக்குக் கணக்குத்தான்.

படிவத்துக்குள் நுழையவே மூன்று நாள் போனது. உள்ளே போவதற்கு ஓர் இரகசிய இலக்கம் தொலைபேசிக்கு வரும். வந்தது, ஆனால் புத்தளம் களப்புக்குள் வந்தது. முதன்முதலில் பதிந்தபோது நான் கொடுத்தது இவருடைய பழைய போன் இலக்கம். உச்சமுனையில் ஒரு கலியாணத்துக்கு வள்ளத்தில் போகும்போது, "அந்தா பாருங்க, திருக்கை!" என்று இவர் குனிந்தார். சட்டைப் பையில் இருந்த போன் திருக்கையோடு போய்விட்டது. இப்போது நான் பொத்தானை அழுத்த அழுத்த, எனக்கு வரவேண்டிய இலக்கமெல்லாம் அந்தத் திருக்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. இவரைப் பார்த்து முறைத்தேன். "நல்ல பெரிய திருக்கை அது" என்றார்.

ஒரு நாள் லீவு போட்டு, பஸ் ஏறி, வரி அலுவலகத்தில் வரிசையில் நின்று இலக்கத்தை மாற்றினேன். கண்ணாடி போட்ட ஒரு சிங்களப் பெண் என் உடைந்த சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் என்னைவிட நல்ல தமிழில் "டீச்சர், வாடகை கையில் கிடைத்ததை மட்டும் எழுதுங்க. கிடைக்காதத எழுத வேணாம்" என்றாள். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

வீட்டுக்கு வந்து படிவத்தைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். அடியில் ஒரு வரி இருந்தது. மேலே தந்திருப்பவை யாவும் உண்மையானவை, முழுமையானவை என்று நான் உறுதி கூறுகிறேன் என்று. அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம். எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் பயம். நான் கோபக்காரி, வாய்க்காரி, எல்லாம் உண்மை. ஆனால் உடம்புக்கு வருத்தம் என்று பொய் சொல்லி ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. அடுத்தவன் கொப்பியைப் பார்த்து எழுதிய எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். என் பெயரில் ஒரு பொய் போய்விட்டால், பிறகு எந்த முகத்தோடு வகுப்பில் நிற்பது? வரி கூடினாலும் பரவாயில்லை, எழுதுவது சரியாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சம்பளக் கணக்குக் கையில் இருந்தது. வாடகைக்கு இவருடைய கொப்பியைக் கேட்டேன். உப்பு, வாடகை, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் இவர் ஒரே கொப்பியில் இஸ்லாமிய மாதப்படி, பிறைக் கணக்கில்தான் எழுதுவார். ரமழானில் ஏழைகளுக்குரிய ஸகாத் பார்க்க அதுதான் வசதி. எனக்கும் சேர்த்து அவரே பார்ப்பார்; நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையாட்டி ஓம் என்பேன். ஆனால் வரிக்காரனுக்கு முஹர்ரமும் தெரியாது, ஸபரும் தெரியாது. அவனுக்கு ஏப்ரல் தொடங்கி மார்ச் வரைதான் வருடம். சுவரில் இருந்த நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிறையை மாதமாக மாற்றிக் கணக்குப் பார்த்தேன்.

பதின்மூன்று வாடகை வந்தது.

திரும்பவும் எண்ணினேன். பதின்மூன்றுதான். எனக்குக் கிடைத்த உறைகளோ பன்னிரண்டு. பிழை எங்கே என்று பார்த்தபோது, ஒவ்வொரு வாடகையும் பிறை மாதத்தின் முதல் நாளான தலைப்பிறை அன்று வாங்கியதாக எழுதியிருந்தது. அந்த வரி ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நோன்புப் பெருநாள், அதுவும் தலைப்பிறைதான். மார்ச் கடைசி நாளில் இன்னொரு நோன்புப் பெருநாள். இரண்டுக்கும் இடையில் வேறு பதினொரு தலைப்பிறை. ஆகப் பதின்மூன்று.

என் தலையில் ஒன்று பளிச்சென்றது. இந்த மனிதர் அங்கே பிறைக் கணக்கில் வாங்குகிறார், எனக்கு இங்கிலீஷ் மாதக் கணக்கில் கொடுக்கிறார். வாசலில் கதிரையைப் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் கொப்பியோடு போனேன்.

"அந்த ஊட்டுல இரிக்கிற புள்ளைக்கிட்ட வருஷத்துக்குப் பதின்மூணு வாடகையா வாங்குறீங்க?"

தேநீர் அவருக்குப் புரையேறியது. "யாரு சொன்ன?"

"உங்கட கொப்பி சொல்லுது. அதுவும் பெருநாளண்டைக்கு! ரெண்டு பெருநாளும் ஊட்டுல வட்டிலப்பம் திண்டுட்டுத் தூங்கின மனுசன், எந்த நேரம் கனமூலைக்குப் போய் வாடகை வாங்கின?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "சரி, அத உடுங்க. பதின்மூண்டையே போடுங்க. கூடுற வரிய நான் கட்டுறன்."

"வரிய யாரு கேட்ட? ஏழைப் புள்ளைட காசு என்ட பேர்ல வந்திரிக்கே, அதுக்குப் பதில் சொல்லுங்க."

"நீங்க டீச்சர் மாதிரிக் கதைக்கிறீங்க" என்றார். வழி இல்லாத நேரமெல்லாம் அவர் சொல்வது அதுதான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. இவர் எங்கோ ஜனாஸா அடக்கத்துக்குப் போயிருந்தார். நான் ஒரு மாத வாடகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பெண்ணிடம் கூட வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும். பிறகு வந்து படிவத்தில் பன்னிரண்டு என்று நிம்மதியாக எழுத வேண்டும். பாலாவியில் பஸ் மாறி, மதுரங்குளியில் இறங்கி, ஆட்டோ பிடித்தேன். வழி முழுக்க இவரை மனதுக்குள் ஏசிக்கொண்டே போனேன். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் இப்படிச் செய்வாரா என்று அழுகையும் வந்தது.

அந்தப் பெண்ணை நான் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன். அவளுடைய உம்மா வாப்பா தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, வெறும் கையோடு வந்தவர்கள். இவள் பிறந்து வளர்ந்தது புத்தளத்துக் கரைத்தீவில். தையல் வேலை செய்கிறாள். புருஷன் வெளிநாட்டில் சாரதி என்று கேள்வி.

கதவு திறந்திருந்தது. தையல் மெஷினுக்கு அப்பால், முன்னறைக் கட்டிலில், அந்த வெளிநாட்டுச் சாரதி படுத்திருந்தான். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், முடியவில்லை. வாகனம் புரண்டு இடுப்பு போய், இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அலுமாரியைத் திறந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து வந்தாள்.

"டீச்சர், ஒரு மாசத்தையும் நான் மறைக்கல்ல. எல்லாம் எழுதி வெச்சிரிக்கன். இருவத்தி நாலு மாசம். இவரு எழும்பி நடந்தா, இன்ஷா அல்லாஹ், மாசம் ரெண்டு ரெண்டா தந்து முடிச்சிருவம்."

"என்னத்த?"

"வாடகைய."

நான் கொப்பியையே வெறித்துப் பார்த்தேன். அவள் அதைக் கோபம் என்று நினைத்திருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு உங்கட ஊட்டுக்காரர் வந்து சொல்லாட்டி நாங்க இவரையும் தூக்கிக்கிட்டு எங்க போற? 'வாடகையப் பத்தி யோசிக்காதீங்க, மொதல்ல அந்த ஆளப் பாருங்க, டீச்சர்தான் சொல்லி அனுப்பினா' எண்டாரு. அதுல இரிந்து ஒரு தொழுகையிலயும் உங்களுக்குத் துஆச் செய்யாம நான் எழும்பினதில்ல டீச்சர்."

மெஷினில் பாதி தைத்த சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக நான் எண்ணி எண்ணி எடுத்தது வாடகையே இல்லை. உப்பு விற்ற காசு. அதைக் கொப்பியில் வாடகை என்று எழுத, போகாத நாளுக்கு எந்த நாளைப் போடுவது என்று தெரியாமல், மனிதர் ஒவ்வொரு தலைப்பிறையாகப் பார்த்து எழுதியிருக்கிறார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர் பொய் எழுதினால் இப்படித்தான், பெருநாளிலும் வாடகை வாங்குவார். அந்த இல்லாத வாடகைக்கு ஸகாத்தும் கொடுத்திருக்கிறார்.

அதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரம் எனக்குப் பட்டது ஒன்றுதான். நான் செய்யாத ஒரு நன்மையில் என் பெயர் இருக்கிறது. இந்தப் பெண் இரண்டு வருடமாக, நான் அல்லாத ஒருத்திக்காகத் துஆச் செய்துகொண்டிருக்கிறாள். என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். இவளுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவன் ஐந்து மாத வாடகை தராமல் இழுத்தடித்தான். நான் தெருவில் நின்று போட்ட சத்தத்தில் அக்கம்பக்கமே கூடியது. இவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவன் கைக்குழந்தையோடு சாமான் ஏற்றிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ஓம்" என்றேன் அவளிடம். "நான்தான் சொல்லி அனுப்பினன்."

என் வாழ்க்கையில் நான் கூசாமல் சொன்ன முதல் பொய் அது. கைப்பையில் இருந்த காசை அபாயா இரண்டு தைக்க முற்பணம் என்று மெஷினில் வைத்துவிட்டு வந்தேன். அளவு எடுக்கவும் மறந்துவிட்டோம்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து உட்கார்ந்தேன். இவர் வந்து பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். வரி கட்டுவதற்கென்று கொஞ்சம் காசை ரப்பர் பட்டி போட்டுக் கொண்டுவந்திருந்தார். சம்பளத்தை எழுதினேன். வாடகை என்ற இடம் வந்தது. சைபர் என்று அடித்தேன்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போனீங்களா?"

"போனன்."

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. மழை என்றால் மூடி வைத்த உப்புக் குவியலைப் பார்க்க ஓடுகிற மனிதர், அன்று அசையவில்லை.

"நான் அவங்களத் தொரத்தியிருப்பன் எண்டா நெனச்சீங்க?" என்று கேட்டேன். ஏசுவதற்குத்தான் கேட்டேன், குரல் உடைந்துவிட்டது.

"இல்ல. சத்தம் போட்டிருப்பீங்க, அவ்வளவுதான். ஆனா சத்தத்துக்குப் பயந்து அவங்களாப் போயிருப்பாங்க. பொறகு நீங்க ஒரு மாசம் ஒழுங்காச் சோறு திண்டிருக்க மாட்டீங்க. முந்தினவன் போன நேரம் அப்பிடித்தானே இரிந்தீங்க. நீங்க அப்பிடி இரிக்கிறத இன்னொரு தரம் பாக்க எனக்கு ஏலா."

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இவருக்கு என்னைக் கண்டால் பயம் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் பயந்தது எனக்கு இல்லை, எனக்காக.

மூக்கைச் சீந்திவிட்டுக் கேட்டேன், "அதுக்கு என்ட பேர ஏன் சொன்னீங்க? உங்கட பேரச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஊடு உங்கடதானே. அடுத்தாள்ட ஊட்டு வாடகைய வேணாம் எண்டு நான் எப்பிடி உடுற? சொந்தக்காரி சொன்னாத்தான் அது செல்லும்."

சட்டம் தெரிந்த மனிதர்! நான் சிரித்துவிட்டேன். வாடகை இல்லாத என் வருமானத்துக்கு மேலதிக வரி ஒன்றும் வரவில்லை. ரப்பர் பட்டிக் காசை அவர் பக்கம் தள்ளினேன். படிவத்தின் அடிக்கு வந்தேன். உண்மையானவை, முழுமையானவை என்ற வரிக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தைத் தொட்டு, அனுப்பினேன். கடைசி நாளுக்கு இன்னும் ஒரு நாள் மீதி இருந்தது.

அவர் மழையைப் பார்க்க எழும்பினார். நான் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"கனமூலைக்குப் போனா அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லுங்க. அலுமாரியில ஒரு கொப்பி வெச்சிரிக்காள், அதக் கிழிச்சிப் போடட்டும். டீச்சர் சொல்லச் சொன்னா எண்டு சொல்லுங்க."

"நான் அப்பிடித்தானே எப்பவும் சொல்ற" என்றார்.

"இந்த முறை நான் சொன்னன்."