மெழுகுவர்த்தி எரியாத கல்லறை

துறைமுகத்தில், சுங்கத்திலிருந்து சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வேலை நாளெல்லாம் கன்டெய்னருக்குப் பின்னால் அலைவேன். விடுமுறை கிடைத்தால் கல்லறைத் தோட்டங்களில் அலைவேன். உலகப் போரின்போது இந்தப் பக்கம் வந்து செத்துப்போன வெளிநாட்டு விமானிகளைத் தேடிக் கண்டுபிடித்து, கல்லறையைப் படம் எடுத்து அவர்கள் குடும்பத்துக்கு அனுப்புவேன். அலுவலகத்தில் எனக்குக் 'கல்லறை அக்கா' என்று பெயர். உயிரோடு இருப்பவன் சரக்கே வெளியே வராமல் கிடக்கிறது, நீ செத்தவனைத் தேடிப் போ என்பார் முதலாளி அண்ணாச்சி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தக் கேலிக்கு மட்டும் வராது. என் தம்பி தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன், திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு கரையில் ஒதுங்கி, யாராவது ஒரு கை மண் போட்டிருப்பார்களா என்று நினைக்காத நாள் இல்லை. எனக்கு யாரும் வந்து சொல்லாததை நான் மற்றவர்களுக்குச் சொல்லப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

போன வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு மூதாட்டி தொலைபேசியில் வந்தார். அப்பா முகத்தையே பார்க்காதவர். அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது அப்பாவின் விமானம் மன்னார் வளைகுடாவில் விழுந்துவிட்டது. பிழைத்த ஒரே விமானி பிறகு நாடு திரும்பிச் சொன்னதுதான் குடும்பத்துக்குத் தெரியும். இருட்டில் அலைகளுக்கு நடுவே அப்பாவின் உயிர்காப்புச் சட்டை விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம், பிறகு நின்றுவிட்டதாம். ஆற்று முகத்துவாரத்தில் மாதா கோயில் இருக்கும் மீனவர் ஊரில் அப்பாவை அடக்கம் செய்தார்கள் என்பதும் அந்த விமானி சொன்னதே. ஊரின் பெயர் அந்த விமானிக்கு நினைவில்லை. மூதாட்டிக்கு உடம்பு முடியவில்லை, டாக்டர்கள் நாள் குறித்துவிட்ட மாதிரிதான் பேசினார். அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று அம்மா சாகும்வரை புலம்பியதாகச் சொன்னார். போவதற்கு முன் இடம் தெரிந்தால் போதும் என்றார்.

அடையாளத்தைக் கேட்டதும் எனக்குப் புன்னைக்காயல்தான் தோன்றியது. போய் விசாரித்தேன். வெளியாள் கல்லறை ஏதாவது இங்கே இருக்கிறதா என்று கோயில் உபதேசியாரைக் கேட்டேன், வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டேன். இல்லை என்றார்கள். போர் முடிந்ததும் அதிகாரிகள் வந்து கேட்டபோதும் இதே பதில்தானாம். கல்லறைத் தோட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் முள்ளை விலக்கிப் பார்த்தேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அங்கே மூதாட்டி படுத்துவிட்டார் என்று அவர் மகன் செய்தி அனுப்பியிருந்தான்.

அப்போதுதான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு யோசனை வந்தது. நவம்பரில் கல்லறைத் திருநாளன்று ஊரே தோட்டத்துக்கு வரும். எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரியும். எது எரியாமல் கிடக்கிறதோ அதுதான் அவருடையது.

சாயங்காலம் போய் வரிசை வரிசையாக நடந்தேன். எரியாத கல்லறை ஒன்றுகூட இல்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடல் கிடைக்காதவர்களுக்குத் தோட்டத்தின் நடுவே இருக்கிற பெரிய சிலுவையின் அடியில்தான் எங்கள் பக்கம் மெழுகுதிரி வைப்போம். அங்கே தம்பிக்காக ஒன்று ஏற்றினேன். காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடியும் அணைந்தது. பக்கத்துக் கல்லறையில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு பெண், யார் யாருக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே திரி வைத்துக்கொண்டிருந்தாள். இது பூட்டனுக்கு, இது பூட்டிக்கு, இது ஏரோப்ளான் தாத்தாவுக்கு.

நான் தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

அவள் வீட்டுக்காரரின் தாத்தா, பிள்ளைகளுக்குப் பூட்டன், கடல் தொழிலுக்குப் போனபோது விசில் சத்தம் கேட்டு அதைப் பிடித்துக்கொண்டே வள்ளத்தை விட்டிருக்கிறார். நெருங்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. விசிலைப் பல்லில் கடித்தபடியே உடல் மிதந்ததாம். கடலில் எடுத்தவர் வீட்டுக்குத்தான் அந்த உடல் சொந்தம், அவர்களே துக்கம் காக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தங்கள் குடும்பக் குழியிலேயே வைத்தார்கள். அந்த விசில் இன்னும் அவர்கள் வள்ளத்தோடு கடலுக்குப் போகிறது.

பிறகு ஏன் வந்து கேட்டவர்களிடம் இல்லை என்றீர்கள் என்றேன். கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

"வெளியாளு கல்லறை இருக்கான்னு கேட்டாவளாம். இல்லன்னு சொல்லிட்டாவ. நீங்களும் அப்படித்தானக்கா கேட்டிய?"

கடற்கரையில் பிறந்த எனக்கு அது தோன்றாமல் போயிற்று.

பெரிய பயம் இனிமேல்தான். எங்கள் மணலில் குடும்பக் குழியைத் திறக்கும்போது பழைய எலும்புகளை ஒதுக்கிச் சேர்த்துவிட்டு, மேலே புது உடலை வைப்பார்கள். அந்தக் குழி பலமுறை திறந்த குழி. இனி அவரைத் தனியாகப் பிரித்தெடுத்து, வெள்ளைக் கல் நட்டுப் புல் வெட்டிப் பராமரிக்கிற போர் வீரர் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. சாகக் கிடக்கிற மகளிடம் இதை எப்படிச் சொல்வது? அங்கிருந்தே வீடியோவில் கூப்பிட்டேன். தலையணையில் சாய்ந்திருந்தார். விசிலைச் சொன்னேன், எலும்புகளைச் சொன்னேன், கைபேசியைக் கல்லறைப் பக்கம் திருப்பினேன்.

அப்பாவோடு கூட யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். காப்பாற்ற வந்தவரும் அவர் மனைவியும் அவர்கள் பிள்ளைகளும் என்றேன். அவரைப் பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்றே என்று அழுதார். நானும் அழுதேன்.

கைபேசியை வைத்துவிட்டுச் சிலுவையடிக்குத் திரும்பினேன். தம்பியின் திரி அணைந்தே கிடந்தது. மறுபடி குனிந்தபோது அந்தப் பெண் வந்து என் கையைப் பிடித்தாள். யாருக்கு என்று கேட்டாள். கடலோடு போன தம்பிக்கு என்றேன்.

"அங்கன காத்து அடிக்கும்க்கா. இங்கன கொண்டாந்து வைங்க, எங்க ஆளுவளோட இருக்கட்டும்."

ஏரோப்ளான் தாத்தாவின் திரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் மணலை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள். அதிலிருந்தே என் தம்பியின் திரியை ஏற்றினேன்.