நாற்பது கிலோ தேவதூதர்

பாளையம்பட்டி ஜெப ஷீலா பிறந்த பத்தாவது மாதமே பதக்கம் வாங்கிவிட்டாள். 1983-ல் வாசகசாலையில் குழந்தைகள் போட்டி நடந்தது. போட்டி என்றால் ஓடவா ஆடவா? சும்மா தராசுத் தட்டில் கிடக்க வேண்டியதுதான், எது அதிகம் கனக்கிறதோ அதற்கு முதல் பரிசு. மற்றதுகள் எல்லாம் சுள்ளி சுள்ளியாகக் கிடந்து வீறிட்டன. பலசரக்குக் கடை சுவாமிதாஸின் மகள் மட்டும் தட்டு நிறையக் கிடந்து சிரித்தாள். சுகாதார இன்ஸ்பெக்டர் இருளப்பசாமி அவளைத் தூக்கி, "பிள்ளைன்னா இப்படில்ல இருக்கணும்! ஊருக்கே பெருமைய்யா" என்று மூச்சு வாங்கச் சொன்னார். அதைப் போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, வாசகசாலைச் சுவரில் மாட்டினார்கள்.

பதினோரு வருஷம் கழித்து அதே இருளப்பசாமி, அதே போட்டோவுக்குக் கீழே நின்றுகொண்டு, இந்தப் பிள்ளையை இப்படியே விட்டால் ஆபத்து என்றார்.

மனுஷன் ஓய்வு பெற்றிருந்தார், பொழுது போக வேண்டாமா? மதுரையில் ஏதோ முகாமுக்குப் போயிருந்தபோது, சின்ன வயதில் அளவுக்கு மீறிப் பருத்தால் பின்னால் நோய் வரும் என்று ஒரு டாக்டர் பேசியிருக்கிறார். டாக்டர் சொன்னது சரிதான், அந்த நல்ல மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். அதை பஸ்ஸில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தவர் நம்ம ஆள். வந்து இறங்கிய வாரமே 'சிறுவர் பருமன் ஒழிப்புக் குழு' உதயமாகிவிட்டது. தலைவர் இருளப்பசாமி, செயலாளர் சுந்தராம்பாள் டீச்சர், பொருளாளர் எண்ணெய் மில் சங்கையா.

ஒழிப்பதற்குப் பருமன் வேண்டுமே! தெருத்தெருவாகத் தேடினார்கள். சத்துணவு வரிசையில் தட்டோடு நின்ற பிள்ளைகளின் விலா எலும்பைத் தள்ளி நின்றே எண்ணலாம். அதற்கொரு குழு போடலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடைசியில் இரண்டே இரண்டு பேர் சிக்கினார்கள். ஒருவன் பொருளாளர் சங்கையாவின் மகன் மதன்குமார். அவனுக்கு எலும்பு கனம் என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. மிச்சம் இருந்தது ஜெப ஷீலா, ஐம்பத்திரண்டு கிலோ.

அவளுக்கோ எடை குறைய வேறு காரணம் இருந்தது. வருஷா வருஷம் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்கு ஒட்டகத்தின் பின்பாதி வேஷம்தான். சாக்குத் துணிக்குள் குனிந்து நின்றால் வேர்வை ஊற்றும், ஊர்க்காரர் ஒருத்தருக்கும் முகம் தெரியாது. அவள் ஆசைப்பட்டது தேவதூதர் வேஷத்துக்கு. மேஜை மேல் பெஞ்சைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, மேய்ப்பர்களுக்கு நல்ல சேதி சொல்ல வேண்டும். வசனம் நாலு வருஷமாக அவளுக்கு மனப்பாடம். சண்டே ஸ்கூல் வாத்தியார் லாரன்ஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "பெஞ்சு நாப்பது கிலோவுக்கு மேல தாங்காதும்மா. டிசம்பர் முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள நாப்பதுக்கு வா, வேஷம் உனக்குத்தான்."

ஜூன் மாதம் நடைப்பயிற்சி தொடங்கியது. காலையில் நல்லதண்ணிக் கிணறு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும், போக ஒரு மைல், வர ஒரு மைல். முதல் நாள் பிள்ளை கையை வீசிக்கொண்டு நடந்தது. வாசலில் நின்று பார்த்த சுந்தராம்பாள் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. தெருக்குழாயில் உப்புத்தண்ணீர் சொட்டுகிற ஊரில், கிணற்றுக்குப் போகிற ஒரு ஜீவன் வெறுங்கையோடு திரும்புவதா?

"சும்மா நடக்குறதுக்கு எங்க வீட்டுக் கொடத்தக் கொண்டு போயேன் தாயி. இடுப்புக்கும் பயிற்சி ஆகும்ல?"

அடேயப்பா, என்ன ஞானம்! ஒரு வாரத்தில் தலைவர் வீட்டுக் குடமும் சேர்ந்தது, மறு வாரம் பொருளாளர் வீட்டுக் குடம். இரண்டு மைல் ஆறு மைலாயிற்று. சுவாமிதாஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பெரிய மனுசங்க, நம்ம பிள்ளைக்காக எப்படி மெனக்கெடுறாக பாத்தியா?" என்றார். அவர் மனைவி ஹெப்சிபா, "ஆமா, அவுக மெனக்கெடுறாக, எம்பிள்ளை சொமக்குறா" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

ஆனாலும் எடை குறைந்தது. செப்டம்பரில் நாற்பத்தைந்து. ஜெப ஷீலா குதியாய்க் குதித்தாள். நாற்பதைத் தொட்டதும் பிள்ளை நடையை நிறுத்திவிட்டால்? குழுதான் அரண்டுபோய் அவசரக் கூட்டம் போட்டது. தண்ணீரைப் பற்றி அங்கே ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. "சடார்னு எளைச்சா பிள்ளை ஒடம்புக்கு ஆகாது" என்றார் தலைவர். எவ்வளவு இரக்கம் பாருங்கள்! மறுநாளிலிருந்து குடத்தை இறக்கியதும் டீச்சர் வீட்டில் மூன்று வெல்லப் பணியாரம், தலைவர் வீட்டில் நெய் வடியும் ரவை உருண்டை, மில்காரர் வீட்டில் முறுக்கு. பிள்ளை வீட்டில் சோற்றை அளந்து தின்றாள், இங்கே கொடுத்ததை மறுக்கவில்லை. பருமன் ஒழிப்புக் குழுவே தன் கையால் கொடுக்கும்போது அது எப்படிக் கெடுதல் செய்யும்?

அக்டோபரில் நாற்பத்தாறு. "வேற ஆளப் பாக்கட்டுமாம்மா?" என்று லாரன்ஸ் வாத்தியார் சங்கடத்தோடு கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விழுந்து அழுதவளை ஹெப்சிபா பிடித்து உட்கார வைத்து, எங்கே என்ன தின்றாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடித்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி கூறுகெட்டவளே! குடுத்தா வாங்கிக்கோ. வாயில மட்டும் வைக்காத."

அப்புறம் பணியாரமும் உருண்டையும் முறுக்கும் தெருமுனையில் காத்திருந்த மதன்குமாருக்குப் போயின. அவனுக்கு எலும்பு இன்னும் கனத்தது.

டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது. இருளப்பசாமி வீட்டு முற்றத்தில் எடை மெஷினைச் சுற்றிக் குழு நின்றது. லாரன்ஸ் வாத்தியாரும் வந்திருந்தார். தண்ணீர்க் குடத்தோடு நேரே வந்த ஜெப ஷீலா அதைக் கீழே இறக்கி வைத்தாள்.

"ஏறு தாயி" என்றார் தலைவர்.

அவள் ஏறவில்லை, குனிந்து முள்ளைப் பார்த்தாள். பலசரக்குக் கடையில் வளர்ந்த பிள்ளை. சாமான் போடுவதற்கு முன்னால் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது.

"ஐயா, நான் இன்னும் ஏறவே இல்ல. முள்ளு மூணுல நிக்குது."

"அது பழைய மெஷினு. அப்பிடித்தான் நிக்கும்."

"போன மாசம் நிக்கலயே? எங்க அப்பா கடைத் தராசு இப்பிடி நின்னா நீங்க சாமான் வாங்குவீகளா?"

தலைவர் துண்டை எடுத்து மெஷினைத் துடைத்தார். டீச்சர் அவசரமாக முந்தானையைச் சரிசெய்தார். சங்கையா வானத்தைப் பார்த்தார், அங்கே மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை. லாரன்ஸ் வாத்தியார்தான் குனிந்து திருகாணியைத் திருகி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். அவள் ஏறினாள். முள் ஆடி ஆடி முப்பத்தொன்பதரையில் நின்றது.

இறங்கியவள் குடத்தைத் தூக்கித் தலைவரின் காலடியில் வைத்தாள்.

"நாளைக்கு நீங்க நடங்க ஐயா. இடுப்புக்கும் பயிற்சி ஆகும்."

குழு அத்தோடு கலைந்தது. கலைவதற்கு முன் ஆண்டறிக்கை ஒன்று அச்சடித்தது: எடுத்துக்கொண்ட குழந்தை ஒன்று, குணமானது ஒன்று, வெற்றி நூற்றுக்கு நூறு. வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் ஜெப ஷீலா வெள்ளை அங்கியும் ஜிகினாச் சிறகுமாகப் பெஞ்சின்மேல் ஏறினாள். பெஞ்சு முனகக்கூட இல்லை. கோயில் மொத்தமும் அவள் முகத்தைப் பார்த்தது. வசனத்தைத் தொடங்கப் போனவள் முதல் வரிசையைப் பார்த்துவிட்டாள். சிறப்பு விருந்தினர் இருளப்பசாமி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, குடம் சுமந்த இடுப்பை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தார்.

மிகுந்த சந்தோஷமான சேதி சொல்ல வந்த தேவதூதர், சொல்வதற்கு முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.