உப்பு பத்தலீங்க

பீளமேட்டில் எங்கள் கீமோ வார்டுக்குள் மதியச் சாப்பாட்டு வண்டி வந்த நேரத்தில்தான், டாக்டர் வசந்தாமணி போய்விட்டார் என்ற செய்தியும் வந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவரே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

அவரிடம் வேலை பார்த்து, இன்று இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்தத் திட்டு தெரியும். கீமோ வாந்தியைத் தடுக்கும் புது மருந்தை அவர் சோதித்தபோது நான் ஆய்வு நர்ஸ். யாருக்குப் பழைய மருந்து, யாருக்குப் புதியது என்பது ஆய்வு முடியும்வரை எங்களுக்கே தெரியாது. நோயாளி சொல்வதை நம்பித்தான் எல்லாம். நம் ஊரில் டாக்டரிடம் யார் குறை சொல்வார்கள்? வாளியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இருக்கறனுங்க" என்பார்கள். "அதெல்லாம் மரியாதைக்குச் சொல்றதுங்க அம்மணி. என்ன சாப்பிட்டாங்கன்னும் கேளுங்க" என்பார் டாக்டர்.

சோமனூரில் தறி ஓட்டும் ஈஸ்வரி, முதல் கீமோவோடு சிகிச்சையையே விட்டுவிட வந்தவர். "நோவுலயே போயிர்றனுங்க. இந்த வாந்தி மட்டும் வேண்டாமுங்க" என்று கும்பிட்டார். விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார். டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களுக்குப் புது மருந்துதான் வரும்னு சொல்ல முடியாதுங்க. வந்தாலும் கேக்கும்னு சொல்ல முடியாதுங்க. ஒருக்கா பாக்கலாமுங்களா?" ஈஸ்வரி வெகுநேரம் யோசித்துத்தான் சம்மதித்தார்.

அடுத்த கீமோ ஏறிய மறுநாளும் அதே "நல்லா இருக்கறனுங்க". டாக்டர் நகரவில்லை.

"என்னங்க சாப்பிட்டீங்க?"

"அரிசிம்பருப்புச் சோறுங்க." ஈஸ்வரி தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க, உப்பு பத்தலீங்க. மறுசோறு வாங்கறப்பத்தானுங்க தெரிஞ்சுது."

டாக்டர் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. கேண்டீனுக்குப் போன் போட்டு, உப்பைப் பற்றிச் சந்தோஷமாகச் சண்டை போட்டார்.

ஆய்வு முடிந்தது. புது மருந்து ஜெயித்தது. ஈஸ்வரிக்கு வந்ததும் அதுதான். எல்லா கீமோவையும் முடித்துவிட்டு அவர் தறிக்குத் திரும்பினார். இன்று எங்கள் வார்டில் அந்த மருந்து சாதாரணம், சாப்பாட்டு வண்டி காலியாகத் திரும்புவதும் சாதாரணம். இதைவிடப் பெரிய வெற்றியை நான் பார்த்ததில்லை.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று, டாக்டர் வீட்டுக்குச் சோமனூரிலிருந்து பஸ் ஏறி ஈஸ்வரி பெரிய தூக்குப் பாத்திரத்தில் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்திருந்தார். எனக்கும் போட்டார்.

"எப்படீங்க இருக்குது?"

மரியாதைக்காகப் பொய் சொல்லாத பழக்கம் ஒன்றுதான் டாக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுங்க" என்றேன்.

ஈஸ்வரி சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நான் மறுசோற்றுக்குத் தட்டை நீட்டினேன்.