பத்தொன்பது காய்

ஷோபனா ரொம்ப அமைதியானவள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்பது வருஷம் ஒரு ஆளை மனசுக்குள் கறுவிக்கொண்டே சோறு பொங்கியவள் அவள். அவளோடு இரட்டையர் ஆட்டம் ஆடுகிற ஆக்னஸ் நான் சொல்கிறேன், எனக்குத் தெரியாதா?

கோவில்பதாகையில் எங்கள் கேரம் மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் முடிந்ததும் தோற்றவர் எழுந்து நின்று, பத்தொன்பது காயையும் போர்டு நடுவில் வட்டமாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஷோபனா அப்படி நின்றாள். அப்போது அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று நாளாக அவள் கண் மூடவில்லை. மன்றச் செயலாளர் சிவராமனிடம் தோற்றுவிட்டு அடுக்கப் போனாள். கை நடுங்கி வட்டம் கலைந்தது. திரும்ப அடுக்கினாள், திரும்பவும் கலைந்தது. அந்த மனுஷன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அத்தனை பேரும் கேட்க, "கை நடுங்குதே, பாத்து அடுக்கும்மா. காய் அடுக்கவே வரல, உனக்கெல்லாம் எதுக்கு டீமு?" என்றார். பாழாய்ப்போன வாய்! மறுநாள் அணிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அதற்கப்புறம் அவள் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை முடிந்து வந்ததும் போர்டைத் தூக்கி ஸ்டூல் மேல் வைப்பாள். டிவியை அலற விடுவாள். புருஷன் ஜெகன் அவள் காதருகே நின்று, சிவராமன் குரலிலேயே "கை நடுங்குதே, பாத்து அடுக்கும்மா" என்று கத்த வேண்டும். நாளெல்லாம் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த மனுஷன், "இன்னாடி கொடுமை இது! நான் உன் புருஷனா, இல்ல அந்தாளு ஆவியா?" என்று புலம்பிவிட்டுத்தான் கத்துவார். முதல் வருஷம் அந்தக் குரல் கேட்டாலே ஸ்ட்ரைக்கர் எகிறி அடுப்படிக்குப் போகும். நாலாவது வருஷம் கை அசையவில்லை. அப்புறம் ஒரு நாள் ஜெகன் தொண்டை கட்டக் கத்திவிட்டு உட்கார, இவள் தலை நிமிர்ந்து, "ஏன்யா, இன்னிக்கு நீ கத்தவேயில்ல?" என்றாளாம்.

இந்தப் பொங்கல் போட்டியில் இறுதி ஆட்டம் அவளுக்கும் சிவராமனுக்கும் அமைந்தது. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும்.

"கப்பு கெடக்குதுக்கா. அந்தாளு எனக்கு முன்னால நின்னு காய் அடுக்கணும், அந்த மூஞ்சிய நான் பாக்கணும். அதுக்குத்தான் இத்தினி நாள் பல்லைக் கடிச்சிகினு கீறேன்" என்றாள்.

முதல் ஆட்டம் நாசம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கோபத்தில் அடித்த காய் பாக்கெட் வரைக்கும் போய்த் துள்ளித் திரும்பியது. "என்னம்மா, இன்னும் நடுங்குதா?" என்று அவர் இளித்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்! தண்ணீர் கேன் பக்கம் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஜெகன் கத்துறப்ப அவர் மூஞ்சியையா பாத்த? காயத்தானே பாத்த! இங்கயும் காயைப் பாருடி, மூதேவி!"

பார்த்தாள். இரண்டாவது ஆட்டத்தை எடுத்தாள். மூன்றாவதில் கரண்ட் போய் ஃபேன் நின்றது. ஜன்னல் பக்கம் ஏதோ சண்டை நடந்தது. சிவராமன் வேண்டுமென்றே இருமினார். இவள் ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி வாயை லேசாகத் திறந்தபடி ஒவ்வொரு காயாக இறக்கிக்கொண்டிருந்தாள். ரெட்டு விழுந்தது, அதை உறுதி பண்ணுகிற ஃபாலோ காயும் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. ஹாலே கத்தியது.

அவளுக்கு மட்டும் தெரியவில்லை! இன்னொரு சுற்று பாக்கி இருக்கிறது என்று நினைத்து, காயையெல்லாம் கூட்டி அவளே நடுவில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். சிவராமன் சும்மா விடுவாரா? "பாருங்க, பழக்கம் விடல" என்று சிரித்து, கையிலிருந்த பவுடரைத் தட்டிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"அடியே, முடிஞ்சிடுச்சுடி! நீ ஜெயிச்சிட்ட!" என்று கத்தினேன்.

தலை நிமிர்ந்தாள். ஸ்கோர் அட்டையைப் பார்த்தாள், தன் கையிலிருந்த காயைப் பார்த்தாள், வாசலில் அவர் முதுகைப் பார்த்தாள். அந்த முகத்தைக் கண்டு நானே பயந்துவிட்டேன். உள்ளங்கையால் ஒரே வீசு, அடுக்கினதெல்லாம் போர்டு முழுக்கச் சிதறியது.

"சார், இன்னும் காய் அடுக்கல."

"அதான் நீயே அடுக்கினியேம்மா" என்றார்.

"கலைஞ்சிடுச்சு சார். வாங்க."

வாசலில் நின்ற யாரும் வழி விடவில்லை. திரும்பி வந்தார். நின்றுகொண்டு ஒவ்வொன்றாக வைத்தார். பன்னிரண்டாவது காய் வைக்கும்போது விரல் பட்டு வட்டம் கலைந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஷோபனா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். இந்த முறை காயைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள்.

"கை நடுங்குதே சார்" என்றாள். "மெதுவா அடுக்குங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."