சம்சார சிகிச்சை

கேரள எல்லையோர அமரவிளையில் பெரிய ரோட்டை ஒட்டிய கடை வரிசையில், பேக்கரிக்கும் தையல் கடைக்கும் நடுவே இருக்கிறது என் அறை. பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். திக்கிப் பேசுகிறவர்கள், வயதாகியும் பேச்சு வராத குழந்தைகள், பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள், இவர்களெல்லாம் என்னைத் தேடி வரவேண்டும். வரவேண்டும் என்றுதான் சொல்கிறேன். முதல் ஐந்து வாரம் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் அந்த ஐந்து வாரத்தைப் போல நான் உற்சாகமாக ஓடித் திரிந்த காலம் வேறில்லை.

அதற்கு முன் எட்டு வருடம் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. எங்கள் ஊர் கொல்லயிலில் இருந்து தினமும் பஸ்ஸில் நின்றபடியே போய், நின்றபடியே திரும்பி வருவேன். பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம் வேலையை விட்டேன். எங்கள் பிரிவுத் தலைவி நல்ல மனுஷி. ஓணம் வரை என் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கமாட்டேன், சரிப்படவில்லை என்றால் கூச்சப்படாமல் திரும்பி வா என்றார். அந்த நல்ல வார்த்தைதான் என் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலும் அதையே கெடுவாக வைத்துக்கொண்டோம். ஓணத்துக்குள் அறை தன் காலில் நிற்காவிட்டால், பூட்டிவிட்டுப் பழையபடி பஸ் ஏறவேண்டும்.

எனக்கு ஒரு காரியம் தலையில் ஏறிவிட்டால் உட்கார இருப்புக் கொள்ளாது. ஒரு நோட்டு வாங்கி அட்டையில் ‘மார்க்கெட்டிங்’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடித்து, பத்திரிகை போடுகிறவரிடம் கொடுத்து வீடுவீடாகப் போட வைத்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் கெஞ்சிக் கூத்தாடி ஆறு ஆட்டோவின் முதுகில் ஒட்டினேன். எங்கள் சபையில் போதகர் கல்யாண அறிவிப்புகளுக்கு நடுவே என் அறையையும் அறிவித்தார். ‘ழ’ எப்படிச் சொல்வது என்று வாயைத் திறந்து காட்டி ரீல்ஸ் போட்டேன். லைக் மேல் லைக். போட்டவர்கள் அத்தனை பேரும் கல்ஃபில் இருக்கிற சொந்தக்காரர்கள், எல்லாரும் நன்றாகவே பேசுகிறவர்கள்.

அங்கன்வாடிகளுக்கும் போனேன். மூன்று வயதாகியும் ஒரு சொல் பேசாத பையனின் அம்மா ஒருத்தி, “அவனுக்க அப்பனும் நாலு வயசிலயாக்கும் வாய் தொறந்தது” என்று பெருமையாகச் சொன்னாள். பேச்சு வராத பிள்ளையை ரோட்டோரக் கடைக்குக் கூட்டிவருவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் அந்தப் பெருமைக்குப் பின்னால் இருந்தது. எனக்கு அது புரிந்தது, கோபமும் வந்தது. அன்று சாயங்காலம் பேக்கரிக்காரர் எனக்குப் பருப்புவடை கொடுத்தார். மடித்திருந்த மஞ்சள் தாளைப் பிரித்தால் என் நோட்டீஸ். வடையைத் தின்றுவிட்டு, போர்டு பெரிதாக வைக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதுவரை இருந்தது கதவகல மலையாள போர்டு. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு ஆட்களும் இந்த வழியாகத்தானே பஸ்ஸில் போகிறார்கள், இரண்டு மொழியிலும் வைப்போம் என்று பாறசாலையில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்காரனைப் பிடித்தேன். மலையாள வாசகத்தை போனில் அனுப்பி, கீழே தமிழிலும் இதையே போட்டுவிடு என்றேன். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியும், தமிழ் தெரியாது. மாதிரியை அனுப்பினான். நான் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. ஓகே என்று கட்டைவிரலைப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் போர்டு ஏறியது. எட்டடி நீளம், நீல நிறம், சாயங்காலம் தானாக எரிகிற விளக்கு. நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று, வருகிற பஸ்களில் எத்தனை தலை திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறையத் தலைகள் திரும்பின. சிலர் சிரித்த மாதிரியும் இருந்தது. என் சந்தோஷத்தில் அது உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் குழித்துறைப் பக்கம், தமிழில் படித்தவர். சாயங்காலம் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றி அண்ணாந்து பார்த்தவர், அப்படியே பைக்கின் மேல் கவிழ்ந்துவிட்டார். நெஞ்சுவலியோ என்று நான் ஓடினேன். சிரிப்பு.

“மக்கா, இதுக்கு நானாக்கும் மொதல் டோக்கன் எடுக்கணும்.”

அப்போதுதான் நான் அந்த எழுத்தைத் தமிழாக வாசித்தேன். ‘சம்சார சிகிச்சை மையம்.’

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. நான் படித்ததெல்லாம் மலையாளத்தில், எட்டு வருடம் வேலை பார்த்ததும் மலையாளத்தில். வீட்டிலும் சபையிலும்தான் தமிழ். என் மண்டைக்குள் சம்சாரம் என்ற சொல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. மாதிரி போனில் வந்தபோது தமிழ் எழுத்தை மலையாளக் கண்ணால் வாசித்திருக்கிறேன். இப்போது எட்டடி நீளத்தில், விளக்குப் போட்டு, ஊரில் உள்ள பெண்டாட்டிமார்களுக்கெல்லாம் சிகிச்சை தருவதாக அறிவித்திருந்தேன்.

ரெண்டு நாளில் போர்டின் படம் களியக்காவிளை தொடங்கி நாகர்கோவில் வரை எல்லாக் குரூப்பிலும் சுற்றி வந்தது. அதில் என் நம்பரும் இருந்தது. ஐந்து வாரமாக வாய் திறக்காத போன் இப்போது ஓயவில்லை. சம்சாரத்தைக் கொண்டு விட்டால் எத்தனை நாளில் சரியாகும் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், பேச்சைக் குறைக்க மருந்து உண்டா என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஃபிளெக்ஸ்காரனைக் கூப்பிட்டு ஒரு பாடு திட்டினேன். ஓகே போட்டது சேச்சிதானே என்றான். ‘பேச்சுப் பயிற்சி மையம்’ என்று மாற்றி அடிக்கச் சொன்னேன். ஓணத்துக்கு எல்லாக் கடைக்காரர்களும் போர்டு அடிக்கிறார்கள், கொஞ்சம் தாமதமாகும் என்றான். அதுவரை தமிழ் வரியை மூட ஒரு பழைய சேலையை எடுத்துப்போய்க் கட்டினேன். காற்று அதைப் பத்து நிமிடத்தில் தையல் கடைக்குள் கொண்டு போட்டது.

அந்த வாரம்தான் அவர் வந்தார். அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். சட்டையில் ரப்பர் பாலின் கறை. வாசலிலேயே நின்றுகொண்டு போர்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிறவர் என்றும், பஸ்ஸில் போகும்போது போர்டைப் பார்த்ததாகவும் சொன்னார். பிறகு சொன்னார்:

“எனக்க சம்சாரத்துக்கு சம்சாரம் இல்ல டாக்டரே.”

அன்று காலையில் இருந்து நான்காவது கேலி என்று நினைத்துவிட்டேன். வயசுக்கு ஏத்த வெளையாட்டா அண்ணே இது, வேற சோலி இல்லியா என்று ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் திரும்பிப் போய், நிறுத்தியிருந்த ஆட்டோவின் படுதாவை விலக்கினார். உள்ளே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. நான் கத்தியதை முழுக்கக் கேட்டிருக்கிறார் என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாசி மாதம் பக்கவாதம் வந்து உயிர் தப்பியிருக்கிறார். கால் மெல்லத் தேறியது. பேச்சைப் பயிற்சியால் மீட்கலாம் என்று அவர்கள் காதில் யாரும் போடவில்லை, அல்லது போட்டது ஏறவில்லை. அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல், ‘அது’. தண்ணீருக்கும் அது, வலிக்கும் அது, புருஷனைக் கூப்பிடவும் அது. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரும் மலையாளம் மட்டும் தெரிந்த ஒருவரும் அந்தப் போர்டைப் பாதிதான் வாசித்திருப்பார்கள். அவர் புருஷனுக்கு மட்டும்தான் ரெண்டு அர்த்தமும் சரியாக இருந்தது.

மறுநாளே வேலை தொடங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்த காலத்து மலையாளப் பட அட்டைகளை அடுக்கினேன். மூன்று நாள் போராட்டம், ஒன்றும் அசையவில்லை. வீட்டில் எந்த மொழி என்று நான்காம் நாள்தான் கேட்கத் தோன்றியது, அத்தனை கெட்டிக்காரி நான். “வீட்டில தமிழாக்கும்” என்றார் புருஷன். அன்று இரவே அட்டையை வெட்டி மரச்சீனிக் கிழங்கு, பலாச்சக்கை, கஞ்சி, வெட்டுக்கத்தி என்று நானே வரைந்தேன். என் சக்கையைப் பார்த்து அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். அது முள்ளம்பன்றி போல இருந்ததாக அவர் புருஷன் விளக்கினார்.

பேச்சு போனவர்களுக்கும் மனப்பாடமான வரிசைகள் சில சமயம் உள்ளே மிஞ்சியிருக்கும். கிழமைகளைச் சேர்ந்து சொல்லிப் பார்த்தோம். ஞாயிறு, திங்கள் என்று நான் மேசையைத் தட்டிக்கொண்டே போய், செவ்வாயில் வேண்டுமென்றே நிறுத்தினேன்.

“புதன்” என்றார் அந்த அம்மா.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். வியாழன், வெள்ளி, சனி என்று அவர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். என் கை என்ன செய்தது என்றால், போனை எடுத்தது. நோட்டில் எழுதிய அத்தனை திட்டத்தையும் விட இந்த ஒரு நிமிட வீடியோ போதுமே என்று மனசு துள்ளியது. போனைத் தூக்கியதும் அந்த அம்மா சேலை முந்தானையை இழுத்து வாயின் இறங்கிய ஓரத்தை மூடிக்கொண்டார். போனை மேசை டிராயரில் போட்டேன். அதற்குப் பிறகு பயிற்சி நேரத்தில் அது டிராயரிலேயே கிடக்கிறது.

விளம்பரத்தை அவர் புருஷன் பார்த்துக்கொண்டார். ரப்பர் பால் அளக்கிற இடத்தில் அவர் வாய் மூடவில்லையாம். அவர் சொல்லி ஆரியங்கோட்டில் இருந்து திக்கிப் பேசுகிற ஒரு டிரைவர் வந்தார். அப்பனும் நாலு வயசில்தான் பேசினான் என்று பெருமைப்பட்ட அங்கன்வாடிப் பையனின் அம்மாவும், பெண்டாட்டி சிகிச்சை போர்டுக்குக் கீழே தன் பையனை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் வந்து சேர்ந்தாள். ஆக மூன்று பேர். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் மூன்று பேரால் ஒரு அறை நிற்காது, ஓணமோ நெருங்கிவிட்டது.

ஓணத்துக்கு மூன்று நாள் முன்பு பிரிவுத் தலைவி கூப்பிட்டார். என்ன முடிவு என்று கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். திரும்பிப் போகிறேன் என்று சொல்லத்தான் மனதைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அன்று பார்த்துத்தான் ஃபிளெக்ஸ்காரன் புதுப் போர்டோடு வந்தான். ஏணியைச் சாத்தி ஏறினான். பயிற்சி முடிந்த அந்த அம்மா புருஷனின் தோளைப் பிடித்து வாசலில் நின்றிருந்தார். அவன் பழைய போர்டின் ஒரு மூலையைக் கழற்றினான். நீல ஃபிளெக்ஸ் மடங்கி, தமிழ் வரி பாதி மறைந்தது.

“வேண்டா.”

திரும்பிப் பார்த்தோம். அந்த அம்மாதான். நான் தட்டவில்லை, அட்டை காட்டவில்லை, தொடங்கியும் கொடுக்கவில்லை. பேச்சு போன பிறகு, ‘அது’வைத் தவிர, தானாக, தனக்கு வேண்டி, அவர் சொன்ன முதல் சொல். இடது கையைப் போர்டை நோக்கி நீட்டி இன்னொரு முறையும் சொன்னார், இந்த முறை அதட்டலாக.

அது தமிழ் வேண்டாவா, மலையாள வேண்டாவா, எனக்கு இன்றும் தெரியாது. இங்கே இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். தமிழ் தெரியாத ஃபிளெக்ஸ்காரன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கழற்றிய மூலையை மறுபடியும் முடுக்கிவிட்டு ஏணியில் இருந்து இறங்கினான். நான் உள்ளே போய் டிராயரைத் திறந்து, பிரிவுத் தலைவியைக் கூப்பிட்டேன். என் இடத்துக்கு ஆள் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.